மாணவருக்கும் மஷூராவில் ஓர் இடம்

 



நம் இல்லங்களில் இன்று அதிகமாகப் பேசப்படுவது பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம், விடுதியா வீடா, உள்ளூரா வெளிநாடா என்று தந்தையும் தாயும் மாமாமார்களும் கூடிக் கூடிப் பேசுகிறோம். கல்வி நிலையங்களிலும் இதே நிலைதான். தேர்வு முறை மாறுகிறது, கட்டணம் உயர்கிறது, பயிற்று மொழி மாறுகிறது. இவை அனைத்தும் மாணவரைப் பற்றிய முடிவுகள். ஆனால் முடிவெடுக்கும் சபையில் மாணவர் இருப்பதில்லை. முடிவு எடுக்கப்பட்ட பிறகு அறிவிப்புப் பலகையில்தான் அதை அவர் படிக்கிறார்.

ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றிய முடிவில் அவருடைய சொல்லுக்கு இடம் உண்டா? இன்றைய உரையில் இந்தக் கேள்வியைத்தான் சிந்திக்கவிருக்கிறோம்.

அன்பிற்குரியவர்களே! மஷூரா எனும் கலந்தாலோசனை நம் மார்க்கத்தில் எத்துணை உயர்ந்த இடத்தைப் பெற்றுள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் பெயரிலேயே, 'அஷ்ஷூரா' என்று ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் அமைந்திருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் தொடர்புடைய ஒரு விஷயத்தில் அத்தனை பேரையும் எப்படிக் கலந்தாலோசிப்பது? இதற்கான விடை ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

ஹுனைன் போருக்குப் பின் ஹவாஸின் கோத்திரத்தார் இஸ்லாத்தை ஏற்று, சிறைப்பட்டிருந்த தங்கள் மக்களைத் திருப்பித் தருமாறு கேட்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் படையினரிடம் அந்த வேண்டுகோளை எடுத்துரைத்தார்கள். கூட்டத்திலிருந்து சம்மதக் குரல் எழுந்தது. தலைவர் ஒருவருக்கு அது போதும் என்றே நாம் நினைப்போம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. இந்தக் கூட்டத்தில் யார் மனமொப்பினார், யார் ஒப்பவில்லை என்பது நமக்குத் தெரியவில்லை. திரும்பிச் செல்லுங்கள், உங்கள் பிரதிநிதிகள் உங்களிடம் பேசி உங்கள் கருத்தை எம்மிடம் கொண்டு வரட்டும் என்ற கருத்தில் கூறினார்கள். பிரதிநிதிகள் சென்றார்கள், ஒவ்வொருவரிடமும் பேசினார்கள், திரும்பி வந்து மக்களின் மனமார்ந்த சம்மதத்தைத் தெரிவித்தார்கள். அதன் பிறகே சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர்.

சிந்தித்துப் பாருங்கள்! கூட்டத்தின் ஆரவாரம் வேறு, மக்களின் கருத்து வேறு. பேசாமல் நின்றவனுக்கும் ஒரு கருத்து உண்டு. அதைத் தேடிச் சென்று கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் கொண்டு வந்து சேர்ப்பவரே பிரதிநிதி. இந்த இலக்கணத்தை மனத்தில் கொண்டு இன்றைய உலகைப் பார்ப்போம்.

சகோதரர்களே! காமன்வெல்த் என்ற நாடுகளின் கூட்டமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கைச் சகோதரர்கள் அதைப் பொதுநலவாயம் என்பார்கள். ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து விடுதலை பெற்ற நாடுகளே இதில் பெரும்பான்மை. இன்று இதில் 56 நாடுகள் உறுப்பு வகிக்கின்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நம் உறவுகள் பரவி வாழும் நாடுகளும், பாகிஸ்தான், பங்களாதேஷ், மாலத்தீவு, புருணை போன்ற நாடுகளும் இதில் அடங்கும். இந்நாடுகளின் மொத்த மக்கள் தொகை 250 கோடிக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கும் அதிகமானோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள்.

இக்கூட்டமைப்பின் கல்வி அமைச்சர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை கூடுகிறார்கள். முதல் மாநாடு 1959இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. நாடு விட்டு நாடு சென்று பயிலும் மாணவருக்கான காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டம் அங்கேதான் பிறந்தது. ஆயினும் மாணவர்களுக்கென்று இக்கூட்டமைப்பில் ஓர் அமைப்பு உருவாக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2012இல் மொரீஷியஸ் நாட்டில் நடந்த 18ஆவது மாநாட்டின்போதுதான் காமன்வெல்த் மாணவர் சங்கம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 2013 நவம்பரில், இலங்கையின் அம்பாந்தோட்டையில் நடந்த இளைஞர் மாநாட்டில் காமன்வெல்த் இளைஞர் பேரவை தோற்றுவிக்கப்பட்டது.

"இதனால் என்ன பயன்? மாநாடு, தீர்மானம், தேநீர், புகைப்படம். அவ்வளவுதானே!" என்று சிலர் கேட்கலாம். அந்த ஐயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இடம் கொடுத்துவிட்டுச் செவி கொடுக்காமல் இருந்தால், அந்த நாற்காலி வெறும் அலங்காரம்தான். ஆனால் செவி கொடுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது.

பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு என்றொரு சிறிய நாடு. 1980இல் விடுதலை பெற்று, அவ்வாண்டே காமன்வெல்த்தில் சேர்ந்தது. அங்கே, தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு இயங்குகிறது. 1968இல் தொடங்கப்பட்ட இப்பல்கலைக்கழகம் ஒரே நாட்டுக்குச் சொந்தமானது அன்று; பன்னிரண்டு சிறு தீவு நாடுகள் சேர்ந்து நடத்துவது. 2019இல் அங்கே பயின்ற 27 சட்ட மாணவர்கள் வகுப்பறையில் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். அவர்கள் எட்டு நாடுகளைச் சேர்ந்தவர்கள். கடல் மட்டம் உயர்ந்து அவர்களின் ஊர்கள் கரைந்துகொண்டிருந்தன. 2015இல் வீசிய பாம் எனும் புயல் வனுவாட்டுவை உருக்குலைத்திருந்தது. புவி வெப்பமடைவதற்கு அந்தத் தீவுகள் செய்த பங்கு அற்பத்திலும் அற்பம். அப்படியிருக்க, பூமியைக் காக்கும் சட்டக் கடமை பெரிய நாடுகளுக்கு இல்லையா? இதை உலக நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன?

அவர்களிடம் பணம் இல்லை, பதவி இல்லை. பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு அம்மாணவர்களின் கோரிக்கையைத் தன் கோரிக்கையாக ஏற்று நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச் 29 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்தக் கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்ப வாக்கெடுப்பின்றி ஒருமனதாகத் தீர்மானித்தது. 132 நாடுகள் அத்தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்திருந்தன. 2024 டிசம்பரில் ஹேக் நகரில் விசாரணை நடந்தது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமித்துக் கருத்துரை வழங்கினார்கள். காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. அதை மீறினால் பாதிக்கப்பட்டோருக்கு ஈடு செய்ய வேண்டிய பொறுப்பும் எழலாம் என்றார்கள். அது கருத்துரைதான், எவரையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அன்று. ஆயினும் 27 மாணவர்கள் எழுப்பிய கேள்விக்கு உலகின் உயர்ந்த நீதிமன்றம் ஆறு ஆண்டுகளில் விடையளித்தது.

பெரியோர்களே! இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாணவர்கள் தங்கள் மதிப்பெண்ணுக்காகவோ கட்டணச் சலுகைக்காகவோ பேசவில்லை. கடற்கரையில் வாழும் தங்கள் பாட்டன் பாட்டிமார்களுக்காகவும், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்காகவும் பேசினார்கள். மாணவனுக்குப் பேச இடம் கொடுத்தால் அவன் தனக்காக மட்டும்தான் பேசுவான் என்று எண்ணுவது தவறு.

மலேசியாவைப் பாருங்கள். அங்கே வாக்களிக்கும் வயது 21ஆக இருந்தது. அதை 18ஆகக் குறைக்கக் கோரி 2016இல் 'உண்டி 18' என்ற இயக்கத்தை இளைஞர்கள் தொடங்கினார்கள். மலாய் மொழியில் 'உண்டி' என்றால் வாக்கு. கட்சி கட்சியாகச் சென்று விளக்கினார்கள். 2019 ஜூலை 16 அன்று நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினருமாக 211 உறுப்பினர்கள் அந்த அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஆதரவளித்தார்கள். நடைமுறைப்படுத்துவதில் தாமதம் ஏற்பட்டபோது இளைஞர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். 2021 டிசம்பர் 15 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கல் எறியவில்லை; கண்ணாடி உடைக்கவில்லை. பொறுமையும் சட்டமும் அவர்களின் கருவிகளாக இருந்தன.

செவி மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாதிப் பாடங்களை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நடத்த ஆணையிட்டது. பிள்ளைகளுக்கும் அம்மொழி சரியாகத் தெரியாது. ஆசிரியர்கள் பலருக்கும் தெரியாது. எவரையும் கேட்காமல் எடுத்த முடிவு அது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ நகரில் மாணவர்கள் சீருடையுடன் ஊர்வலமாக வந்தபோது காவல்துறை சுட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்த நாளைத்தான் 1991 முதல் ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாளாக அக்கண்டம் நினைவுகூர்ந்து வருகிறது. பள்ளி மாணவரின் ஒரு வேண்டுகோளைக் கேட்க மறுத்த கர்வம் எத்தனை தாய்மார்களின் மடியை வெறுமையாக்கிவிட்டது!

அன்புச் சகோதரர்களே! இப்போது உங்கள் உள்ளத்தில் எழக்கூடிய இரண்டு அச்சங்களைப் பார்ப்போம்.

முதல் அச்சம்: "சிறு பிள்ளைகளுக்கு என்ன அனுபவம் இருக்கிறது? அவர்கள் சொல்வதைக் கேட்டால் தவறான முடிவில் கொண்டுபோய் விடுவார்கள்."

இதற்கு உஹதுப் போரே பதில் சொல்கிறது. மதீனாவுக்குள் இருந்தபடியே எதிரியைச் சந்திப்பதுதான் நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. ஆனால் பத்ரில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்த இளைஞர்கள், வெளியே சென்று போரிட வேண்டும் என்று ஆர்வத்துடன் வலியுறுத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் விருப்பத்தை விட்டு அக்கருத்தை ஏற்றார்கள். அந்தப் போரில் எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "பார்த்தீர்களா, சின்னப் பிள்ளைகள் பேச்சைக் கேட்டதன் விளைவை!" என்று சொல்லி, இனி அவர்களை வாசலிலேயே நிறுத்தியிருப்போம். ஆனால் அப்போருக்குப் பின் அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனத்தில் அல்லாஹ் தன் தூதருக்கு என்ன கட்டளையிட்டான்? அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்கவும் ஏவினான். ஆலோசனை ஒருமுறை கசப்பாக முடிந்தது என்பதற்காக ஆலோசனையின் கதவு மூடப்படவில்லை. அந்த மிகக் கசப்பான நேரத்தில்தான் அது மீண்டும் அகலத் திறக்கப்பட்டது.

உமர் (ரழி) அவர்கள் தம் ஆலோசனைச் சபையில் பத்ருத் தோழர்களான பெரியவர்களுக்கு மத்தியில் இளைஞர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களை அமர்த்தினார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று சிலர் மனக்குறை கொண்டார்கள். உமர் (ரழி) அவர்கள் சபையிலேயே ஒரு கேள்வி கேட்டு, அந்த இளைஞரின் பதிலால் அவர் தகுதியை அனைவரும் உணரச் செய்தார்கள். வயதைக் காட்டி விலக்கவில்லை; தகுதியைக் காட்ட வாய்ப்பளித்தார்கள்.

பதவியைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வோரும் உண்டு. உஸாமா (ரழி) அவர்களின் வரலாறு அவர்களுக்குப் பாடம். ஏறத்தாழப் பதினெட்டு வயதில் நபி (ஸல்) அவர்கள் அவரைப் படைத்தலைவராக நியமித்தார்கள். பின்னர் கலீஃபாவான அபூபக்ர் (ரழி) அவர்கள் அப்படையை வழியனுப்பச் சென்றபோது, உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்க, தாம் நடந்தே வந்தார்கள். படையில் இருந்த உமர் (ரழி) அவர்கள் மதீனாவில் தமக்குத் துணையாகத் தேவைப்பட்டபோது, கலீஃபா ஆணையிடவில்லை. அந்த இளம் தலைவரிடம் அனுமதி கேட்டார்கள். இளையவரைத் தலைவராக மதிப்பது என்றால் இதுதான்.

இரண்டாவது அச்சம்: "சங்கம், பிரதிநிதித்துவம் என்று போனால் படிப்புக் கெட்டுவிடும்."

இந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. கட்சிகளின் கைப்பாவையாகி, வகுப்பை மறந்து, வழக்குகளில் சிக்கிய மாணவர்களின் கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். இதற்கு வேலி போடத்தான் நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் 2006இல், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ அவர்களின் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்பவருக்கு 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். அவ்வாண்டில் பாடத்தில் பாக்கி இருக்கக் கூடாது. தேர்தல் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பன அவற்றுள் சில. அதாவது, படிப்பில் சிறந்தவரே பிரதிநிதியாக வர வேண்டும் என்பதுதான் விதி. எனவே நல்ல பிள்ளைகளை நாம் ஒதுக்கி வைத்தால், அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்புவார்கள். பிறகு குறை சொல்வதில் நியாயமில்லை.

என் அன்பு மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் சில வார்த்தைகள். பிரதிநிதித்துவம் பெருமைக்குரிய பட்டம் அன்று, அது அமானிதம். ஹவாஸின் நிகழ்ச்சியில் பிரதிநிதிகள் என்ன செய்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் மக்களிடம் சென்றார்கள், பிறகுதான் சபைக்கு வந்தார்கள். உங்கள் வகுப்பில் உரக்கப் பேசுபவனிடம் மட்டும் கேட்டுவிட்டு, 'மாணவர்கள் அனைவரின் கருத்து' என்று எழுதாதீர்கள். விடுதியின் மூலையில் இருக்கும் ஏழை மாணவனிடம் கேளுங்கள். பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வரும் மாணவியிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளி மாணவரிடம் கேளுங்கள். உங்கள் மார்க்கத்தைச் சேராத தோழனின் குறையையும் உங்கள் குறையாக எடுத்துச் சொல்லுங்கள். கிடைத்த பதிலை, அது கசப்பாக இருந்தாலும், திரும்பிச் சென்று உண்மையாகச் சொல்லுங்கள். காலம் முடிந்ததும் அடுத்தவருக்கு வழிவிடுங்கள்.

வெளிநாடுகளில் பயிலும் பிள்ளைகளே! நீங்கள் அங்கே விருந்தாளிகள் என்பதால் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் பேரவையில் வெளிநாட்டு மாணவருக்கான பிரதிநிதி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் சட்டப்படி தங்கிப் பயிலும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், பதினெட்டு வயது நிறைந்திருந்தால், அந்நாட்டின் தேர்தல்களில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியும் என்பதைப் பலர் அறியாமலே படித்து முடித்துத் திரும்பி விடுகிறார்கள். நம் உரிமையை நாமே அறியாதிருந்தால் பிறர் வந்து தர மாட்டார்கள்.

பெற்றோர்களே! ஜமாஅத் நிர்வாகிகளே! 56 நாடுகளின் அமைச்சர்கள் மாணவரை அழைத்துக் கேட்கும் காலத்தில், நம் மஹல்லாவின் கல்விக் குழுவில் ஒரு மாணவராவது இருக்கிறாரா? கல்வி உதவித்தொகையை யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது, அதைப் பெறும் பிள்ளைகளைக் கேட்டோமா? கட்டணம் கட்டும் கடைசி நாள் கடந்த பிறகு வரும் உதவி அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அந்தப் பிள்ளையை விட நன்றாக யார் சொல்ல முடியும்? ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் அக்குழுவில் அமர்த்துங்கள். மாணவி எதற்கு என்று கேட்காதீர்கள். அகபாவின் இரண்டாம் உடன்படிக்கையில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்களுடன் இரண்டு பெண்களும் வந்து உறுதிமொழி அளித்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் தங்களுக்குள்ளேயே பன்னிரண்டு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அம்மக்களிடம் கூறினார்கள். தாமே நியமித்திருக்கலாம், ஆனால் தேர்வை அவர்களிடமே விட்டார்கள்.

இறுதியாக, நம் வீட்டுக்கு வருவோம். இப்ராஹீம் (அலை) அவர்களுக்குக் கனவில் வந்தது இறைக் கட்டளை. அதில் மாற்றம் செய்ய எவருக்கும் இடமில்லை. ஆயினும் அந்தத் தந்தை தம் மகனை அழைத்து, கனவைச் சொல்லி, உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். அந்த மகன் மனமுவந்து தந்த பதில்தான் இன்றளவும் நம் தியாகத் திருநாளில் நினைவுகூரப்படுகிறது. இறைக் கட்டளையிலேயே மகனின் கருத்துக் கேட்கப்பட்டது என்றால், பொறியியலா வணிகவியலா என்ற விஷயத்தில் நம் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? இன்று வீட்டுக்குச் சென்றதும் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்று மௌனமாக இருங்கள். அந்தப் பிள்ளை பேசி முடிக்கட்டும்.

வல்ல ரஹ்மானே! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வாயாக! உண்மையைப் பணிவோடு எடுத்துரைக்கும் நாவையும், பிறர் துயரை உணரும் உள்ளத்தையும் அவர்களுக்கு அளிப்பாயாக! அவர்கள் பேசும்போது பொறுமையுடன் கேட்கும் செவிகளை எங்களுக்குத் தந்தருள்வாயாக! அநீதியால் கல்வி மறுக்கப்பட்டு உலகெங்கும் தவிக்கும் மாணவர்களுக்கு உன் புறத்திலிருந்து வழியைத் திறப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.